உரிமம் மட்டும் போதாது: ஆவண மென்பொருளும் இயங்குதளங்களும்



ஒரு மென்பொருளின் மூலநிரலைப் பொதுவில் வைத்துவிட்டால் போதும், வேண்டியவர்கள் அதைத் தங்கள் இயங்குதளத்தில் ஓடும்படி மாற்றி, அதாவது போர்ட் செய்துகொள்வார்கள் என்பது கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் பலரிடம் ஊறிப்போன நம்பிக்கை. அதில் பாதிதான் உண்மை என்று நான் கருதுகிறேன். உரிமம் அனுமதி தருகிறது. அந்த அனுமதியைப் பயன்படுத்தும் வல்லமையைத் தருவதில்லை. நிரலில் எந்தப் பகுதி இயங்குதளத்தைச் சார்ந்தது, எது சாராதது என்று எழுதியவரே கோடு கிழித்திருக்க வேண்டும். போர்ட் செய்தவர் சரியாகத்தான் செய்தாரா என்று பார்க்க ஒரு சோதனையையும் அவரே தந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் வாய்த்த ஒரு மென்பொருள் நாற்பது ஆண்டுகளாகக் கணினி மாற்றி கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. இவை வாய்க்காதவை, உரிமம் எவ்வளவு தாராளமானதாக இருந்தாலும், ஒவ்வொரு புதிய இயங்குதளத்திலும் ஆண்டுக்கணக்கில் உழைப்பை விழுங்குகின்றன. ஆவணம் தயாரிக்கும் மென்பொருளுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். ஒரு விளையாட்டு வேறொரு கணினியில் சற்று வேறு மாதிரித் தெரிந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஓர் ஆய்வேட்டின் 112ஆம் பக்கத்தில் இருந்த சமன்பாடு இன்னொரு கணினியில் 113ஆம் பக்கத்துக்கு நகர்ந்தால், அந்தப் பக்க எண்ணைச் சுட்டிய கட்டுரைகள் எல்லாம் பிழையாகிவிடும்.

முதல் சான்று டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் டொனால்ட் குனூத், தமது 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கு 1977இல் வந்த மெய்ப்பைப் பார்த்தார். அதன் எழுத்தமைப்பு அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அச்சுக்கோப்பைத் தாமே கணினியில் செய்துகொள்ள முடிவெடுத்தார். 1978இல் இயங்கத் தொடங்கிய முதல் டெக், ஸ்டான்போர்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் உருவான செயில் மொழியில், அங்கிருந்த பிடிபி-10 கணினியில் எழுதப்பட்டது. மூலநிரலைக் கொடுக்க குனூத் மறுக்கவே இல்லை. அமெரிக்கக் கணிதக் கழகம் உட்பட வெளியில் பலர் அதை விரும்பினார்கள். ஆனால் செயில் மொழி கிடைக்காத இடத்தில் அந்த மூலநிரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேறு மொழியில் திரும்ப எழுதத்தான் வேண்டும். அப்படித் திரும்ப எழுதியவர்களும் இருந்தார்கள். ஒவ்வொருவர் எழுதியதும் ஒவ்வொரு டெக் ஆகிவிடும் ஆபத்து அதில் இருந்தது. நல்லெண்ணம் இருந்தும் வழி இல்லாத நிலைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

குனூத் அதற்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கவில்லை. நிரல் முழுவதையும் தொடக்கத்திலிருந்து மறுபடி எழுதினார். அதுதான் 1982ஆம் ஆண்டின் டெக். அன்று பல பல்கலைக்கழகக் கணினிகளில் கிடைத்த பாஸ்கல் மொழியை அதற்கு அடிப்படையாகக் கொண்டார். பாஸ்கலிலும் கம்பைலருக்குக் கம்பைலர் மாறுபடும் வசதிகளை ஒதுக்கிவிட்டார். நினைவகத்தைக்கூட இயங்குதளத்திடம் அவ்வப்போது கேட்டு வாங்காமல், ஒரே பெரிய அணியாக எடுத்துக்கொண்டு தாமே பங்கிட்டார். இந்தச் சிக்கனத்தின் உச்சம் எண்கணிதத்தில் இருக்கிறது. டெக்கின் உள்ளே நீளங்கள் எல்லாம் முழு எண்கள். ஒரு பாயிண்ட் 65,536 கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கூறு கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். மிதவைப் புள்ளி எண்களை ஏன் தவிர்த்தார் என்றால், அவற்றைச் சேமிப்பதற்கும் கணக்கிடுவதற்கும் அன்று பிடிபி-10 ஒரு முறையையும், வேக்ஸ் இன்னொன்றையும், ஐபிஎம் பெருங்கணினி வேறொன்றையும் வைத்திருந்தன. அவற்றுக்கான பொதுத் தரம் 1985இல்தான் வெளிவந்தது. கடைசி இலக்கத்தில் வரும் ஒரு தோராயமாக்கல் வேறுபாடு ஒரு சொல்லை அடுத்த வரிக்குத் தள்ளும். அந்த வரி பத்தியை நீட்டும், பத்தி பக்கத்தை மாற்றும்.

அந்தக் கவனம் எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரே ஒரு கணக்கை அருகில் வைத்துப் பார்க்கலாம். ஒரு வரியில் சொற்களுக்கு நடுவிலான இடைவெளி அளவுக்கு மீறி நீண்டிருக்கிறதா என்பதை டெக் ஒரு மதிப்பெண்ணால் அளக்கிறது. நீட்ட வேண்டிய அளவை, நீளக்கூடிய அளவால் வகுத்து, அந்த விகிதத்தை மும்மடிப் பெருக்கம் செய்து, நூறால் பெருக்க வேண்டும். நேராகச் செய்தால் பின்னங்கள் வந்துவிடும். குனூத் விகிதத்தை முதலிலேயே 297ஆல் பெருக்கி முழு எண்ணாக்கிக்கொள்கிறார். அதன் மும்மடியை இரண்டின் பதினெட்டாம் அடுக்கால், அதாவது 2,62,144ஆல் வகுக்கிறார். 297இன் மும்மடியை அந்த எண்ணால் வகுத்தால் 99.94 வருகிறது, நூற்றுக்கு அது போதுமான அளவு பக்கம். நூறு என்பது துல்லியமாக நூறாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எல்லாக் கணினியிலும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். துல்லியத்தைவிட ஒருமைப்பாடு முக்கியம் என்று இந்த இடத்தில் அவர் முடிவெடுத்திருக்கிறார். வரி எங்கே உடையும், பக்கம் எங்கே முடியும் என்ற தீர்மானங்கள் முடிந்த பிறகு, இடைவெளியை வரிக்குள் பரப்பும் கடைசிக் கட்டத்தில் மட்டும் மிதவைப் புள்ளி எண்ணை அனுமதிக்கிறார். அங்கே வரும் வேறுபாடு கண்ணுக்கே தெரியாது, எந்தத் தீர்மானத்தையும் மாற்றாது.

இனி, இயங்குதளத்தைச் சார்ந்த பகுதியைப் பிரிக்கும் அந்தக் கோடு. இயங்குதளம் மாறினால் கோப்பைத் திறக்கும் முறை மாறும், கோப்புப் பெயரின் வடிவம் மாறும், எழுத்துக் குறியீடுகூட மாறும். ஐபிஎம் பெருங்கணினியின் எப்சிடிக் குறியீட்டில் ஆங்கில ஐ எழுத்துக்கும் ஜே எழுத்துக்கும் நடுவே வேறு எண்கள் புகுந்திருக்கும். அகரவரிசை தொடர்ச்சியாக வரும் என்று நம்பி எழுதிய நிரல் அங்கே தடுக்கி விழும். டெக் வெளியிலிருந்து வரும் ஒவ்வோர் எழுத்தையும் ஓர் அட்டவணை வழியாகத் தன் உட்குறியீட்டுக்கு மாற்றிக்கொள்கிறது, வெளியே விடும்போது இன்னோர் அட்டவணை வழியாகத் திருப்பிக் கொடுக்கிறது. போர்ட் செய்பவர் இந்த அட்டவணைகளைத் திருத்தினால் போதும். இப்படி இயங்குதளத்தைத் தொடும் இடங்களை எல்லாம், நிரலை விளக்கத்தோடு அச்சிட்ட நூலின் சொல்லடைவில் ஒரே தலைப்பின் கீழ் குனூத் பட்டியலிட்டிருக்கிறார். மூலக்கோப்பில் யாரும் கைவைக்கக் கூடாது. திருத்தங்களை மாற்றக் கோப்பு என்ற தனிக் கோப்பில் எழுத வேண்டும். அதில் எக்ஸ் அடையாளமிட்ட வரிக்குக் கீழே மூலத்தின் பழைய வரிகள், ஒய் அடையாளத்துக்குக் கீழே புதிய வரிகள், இஸட் அடையாளத்தோடு முடிவு. பழைய வரிகள் மூலத்தோடு பொருந்தாவிட்டால் கருவி உடனே முறையிடும். ஆகவே யுனிக்ஸுக்கு டெக்கைக் கொண்டுபோனவர் எதை மாற்றினார் என்று தெரிந்துகொள்ள அவருடைய மாற்றக் கோப்பைப் படித்தால் போதும். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மூல வரிகளைத் துழாவ வேண்டியதில்லை.

1984இல் குனூத், போர்ட்டைச் சரிபார்க்க டிரிப் என்ற சோதனையை வெளியிட்டார். எந்த மனிதரும் எழுதத் துணியாத ஒரு விபரீத ஆவணம் அது. நிரலின் ஏறத்தாழ ஒவ்வொரு வரியையும் ஒரு முறையாவது ஓட வைப்பதற்காகவே எழுதப்பட்டது. போர்ட் செய்தவர் அதைத் தம் டெக்கில் ஓட்டி, வரும் பதிவுக் கோப்பை குனூத் தந்திருக்கும் பதிவோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். எந்தெந்த வேறுபாடுகளை மன்னிக்கலாம் என்றும் அவரே சொல்லிவைத்திருக்கிறார். இந்தச் சோதனையில் தேறாத நிரலை டெக் என்று அழைக்கக் கூடாது என்பதுதான் அவர் விதித்த நிபந்தனை. போர்ட் வேலையில் நெடுநாள் ஊறியவர்களுக்கு இதன் அருமை தெரியும். நிரல் கம்பைல் ஆகிவிட்டது, ஒரு பக்கம் அழகாக வந்தும் விட்டது என்றால் வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றும். முடிந்துவிட்டதா என்பதற்கு விடை சொல்லும் அதிகாரம் போர்ட் செய்பவரின் திருப்தியிடம் இருக்கக் கூடாது.

விளைவைப் பாருங்கள். பாவெல் கர்ட்டிஸும் ஹவார்டு டிரிக்கியும் யுனிக்ஸுக்கு முதல் மாற்றக் கோப்புகளை எழுதினார்கள். பாஸ்கல் செல்வாக்கு இழந்து சி மொழி எங்கும் பரவியபோது, 1987இல் தோமஸ் ரொக்கிக்கி அந்தக் கோப்புகளிலிருந்தே தொடங்கி, நிரலை இயந்திர முறையில் சி மொழிக்கு மாற்றும் வழியை உருவாக்கினார். கார்ல் பெரி முதலானோர் அதைப் பேணி வளர்த்தார்கள். எபர்ஹார்டு மாட்டஸ் 640 கிலோபைட் எல்லைக்குள் நெருக்கியடித்த டாஸ் இயங்குதளத்துக்கும் ஓஎஸ்/2-வுக்கும் எம்டெக் தந்தார். மேக்கில் ஆண்ட்ரூ டிரெவரோவின் ஓஸ்டெக், விண்டோஸில் கிறிஸ்டியன் ஷெங்கின் மிக்டெக் என்று தொடர்ந்தது. 1996 முதல் டெக் லைவ் தொகுப்பு பல இயங்குதளங்களுக்கும் ஒன்றாகவே வருகிறது. இவர்களில் பெரும்பாலோர் தனி ஆட்களாக வேலையைத் தொடங்கியவர்கள். ஒரே ஆள் மாலை நேரங்களில் உட்கார்ந்து செய்து முடிக்கக்கூடிய அளவுக்குப் போர்ட் வேலையைச் சுருக்கித் தந்தது அந்தக் கோடுதான்.

எதிர்ப்பக்கச் சான்றுக்கு வருகிறேன். சன் நிறுவனம் 1999இல் ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தை வாங்கி, 2000இல் அதன் ஸ்டார்ஆபீஸ் அலுவலகத் தொகுப்பின் மூலநிரலை ஓப்பன்ஆபீஸ் என்று பொதுவில் வைத்தது. உரிமத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆயினும் மேக்கின் இயல்பான திரை இடைமுகத்தில் ஓடும் ஓப்பன்ஆபீஸ், 2008 அக்டோபரில் 3.0 பதிப்போடுதான் வந்தது. அதுவரை எக்ஸ்11 என்ற இன்னோர் அடுக்கை நிறுவி அதன்மேல் ஓட்ட வேண்டியிருந்தது, அல்லது நியோஆபீஸ் என்ற தனித் திட்டத்தை நாட வேண்டியிருந்தது. எட்டு ஆண்டுகள்! லிக்ஸ் கதை இன்னொரு பாடம். மத்தியாஸ் எட்ரிச் 1995இல் தொடங்கிய இந்த ஆவணக் கருவி, எக்ஸ்பார்ம்ஸ் என்ற, அன்று மூலநிரல் திறக்கப்படாத இடைமுக நூலகத்தோடு பின்னிப் பிணைந்திருந்தது. இடைமுகத்தை உள்நிரலிலிருந்து பிரித்தெடுக்கும் உழைப்பு பல ஆண்டுகள் நீண்டது. அதன் பயனாக 2003இல் க்யூட்டி என்ற இடைமுக நூலகத்திலும் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகும் விண்டோஸுக்கான க்யூட்டி 2005இல்தான் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் கிடைத்தது. தன் உரிமம் கட்டற்றதாக இருந்தால் மட்டும் ஒரு மென்பொருள் கட்டற்றதாகிவிடாது. அது எதன் மேல் நிற்கிறதோ அதன் உரிமமும் சேர்ந்தே அது எங்கே போகலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்த ஒப்பீடு நியாயமில்லை என்று ஒருவர் சொல்லலாம். டெக் ஓர் உரைக்கோப்பைப் படித்து இன்னொரு கோப்பை எழுதிவிட்டு ஒதுங்கிவிடும். ஓப்பன்ஆபீஸோ திரை, சுட்டி, விசைப்பலகை, அச்சுப்பொறி எல்லாவற்றையும் நொடிக்கு நொடி கையாள வேண்டும். இதில் உண்மை இருக்கிறது. திரையைத் தொடும் நிரலின் போர்ட் ஒருபோதும் அவ்வளவு எளிதாகாது. ஆனால் திரையைத் தொடாததால் மட்டும் டெக் எளிதாகிவிடவில்லை. பெல் ஆய்வகத்தில் ஜோ ஒசானா எழுதிய டிராஃப் என்ற அச்சுக்கோப்பு நிரலும் திரையைத் தொடாததுதான். முதலில் அது பிடிபி-11 கணினியின் அசெம்பிளி மொழியில் இருந்தது. அதன் வெளியீடோ கேட் என்ற ஒரு குறிப்பிட்ட அச்சு இயந்திரத்துக்கான கட்டளைகள். ஒசானா 1977இல் மறைந்த பிறகு, பிரையன் கெர்னிகன்தான் அதன் வெளியீட்டை எந்த அச்சு இயந்திரத்தையும் சாராத வடிவமாக மாற்றினார். டெக்கில் அந்தப் பிரிவினை டிவிஐ கோப்பு வடிவமாகத் தொடக்க ஆண்டுகளிலேயே வந்துவிட்டது. சாதனத்தைப் பிரித்து வைப்பது ஒருவர் எடுக்கும் முடிவு. லிக்ஸ்காரர்கள் காலம் கடந்து எடுத்ததும் அதே முடிவுதான்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. டெக் எங்கும் ஒன்றுபோல் ஓடுவது உறைந்துபோனதால்தானே? 1990இல் மூன்றாம் பதிப்பு வந்த பிறகு புதிய வசதி எதுவும் சேரவில்லை. பதிப்பு எண் பை எண்ணை நோக்கி ஒவ்வோர் இலக்கமாக நகர்ந்து, 2021இல் 3.141592653 ஆனது. உறைந்ததை எங்கும் கொண்டுபோகலாம். வளர்வதைக் கொண்டுபோக முடியுமா? தமிழர்களாகிய நமக்கு இது வெறும் கோட்பாட்டுக் கேள்வி அல்ல. மூல டெக் ஓர் எழுத்துருவில் 256 வடிவங்களுக்கு மேல் ஏற்காது, கொடுத்த வரிசையிலேயே அடுக்கும். 'கொ' என்று எழுதினால் யூனிகோடில் ககரமும் ஒகரக் குறியும் அந்த வரிசையில் நிற்கும். தாளில் ஒற்றைக்கொம்பு முன்னால், ககரம் நடுவில், கால் பின்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தை மூல டெக் அறியாது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே உருவாக்கிய டபிள்யூஎன்தமிழ், உரோமன் எழுத்தில் உள்ளிட்டு, டெக்கின் துணை நிரலான மெட்டாபான்ட் உருவாக்கும் எழுத்துருவில் தமிழ் அச்சிடும் வழியைத் தந்தது. டெக் ஓடிய இடமெல்லாம் மெட்டாபான்டும் ஓடியதால் அந்தத் தமிழும் கூடவே சென்றது. ஆனால் தமிழைத் தமிழாகவே தட்டெழுதி அச்சுக்கோக்க அது போதாது.

மறுப்புக்கான என் விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. குனூத் உறைய வைத்தது டெக் என்ற பெயரையும் அதன் நடத்தையையும். நிரலை எடுத்து வளர்க்க அவர் தடை சொல்லவில்லை. வளர்த்ததற்கு வேறு பெயர் வையுங்கள் என்றார். ஈ-டெக், ஹான் தே தானின் பிடிஎஃப்டெக், ஜொனாத்தன் கியூவின் ஸீடெக் மூன்றும் தொடக்கத்தில் அதே மாற்றக் கோப்பு முறையில் மூல டெக்கின் மேல் கட்டப்பட்டவை. ஈ-டெக்குக்குத் தனிச் சோதனைக் கோப்பும் உண்டு. போர்ட் செய்வதற்காகக் கிழித்த கோடே வளர்ச்சிக்கும் வழிவிட்டது. இடம் மாறாத ஒரு மூலம் இருந்ததால்தான் ஒவ்வொருவரும் தாம் சேர்த்தது எது என்று காட்ட முடிந்தது.

இவற்றில் தமிழைத் தமிழாகவே அச்சுக்கோக்க உதவும் ஸீடெக்கை முழுமையாகப் புகழ்ந்துவிட்டு நகர்ந்தால் நான் நேர்மையாகப் பேசியவனாக மாட்டேன். 2004இல் அது மேக்குக்கு மட்டுமே வந்தது, எழுத்துகளை இணைத்து அடுக்கும் வேலையை மேக் இயங்குதளத்தின் பொறியிடம் ஒப்படைத்திருந்தது. அந்தப் பிணைப்பை அவிழ்த்த பிறகே 2006இல் லினக்ஸ் பதிப்பு வந்தது. விண்டோஸுக்கு அகிரா ககுட்டோ கொண்டுசென்றார். 2013இல் அது ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நூலகத்துக்கு மாறியது. தமிழ் உயிர்மெய்யை இடம் மாற்றி அடுக்கும் அறிவு இப்போது இயங்குதளத்தின் சொத்தாக இல்லாமல் மென்பொருளோடு கூடவே பயணம் செய்கிறது. இது பெரிய வெற்றி. ஆனால் எழுத்துரு இன்னும் வெளியில்தான் இருக்கிறது. மேக்கோடு வரும் இணைமதி எழுத்துருவைக் கேட்டு எழுதிய ஆவணம், அந்த எழுத்துரு இல்லாத லினக்ஸ் கணினியில் பிழைச்செய்தியோடு நின்றுவிடும். வேறு எழுத்துருவை மாற்றிக் கொடுத்தால் வரிகள் வேறாகும். மூல டெக் தன் எழுத்துருக்களையும் தன்னோடே சுமந்து சென்றது. ஸீடெக் கணினியில் இருப்பதை நம்புகிறது. தமிழ் ஆவணம் தயாரிப்பவர்கள் கட்டற்ற உரிமம் கொண்ட எழுத்துருவைத் தேர்ந்து, அதை ஆவணத்தோடே வைத்திருப்பது இந்தக் குறைக்கு இன்று நம் கையில் உள்ள மருந்து.

இப்போதெல்லாம் எல்லாம் இணையச் சேவையாகவோ மெய்நிகர் கணினியாகவோ கிடைக்கிறதே, போர்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். மெய்நிகர் கணினியையும் யாரோ புதிய இயங்குதளத்துக்குப் போர்ட் செய்தாக வேண்டும். சேவையை நடத்துபவர் கடையை மூடும் நாளில் அவருடைய வழங்கியில் மட்டுமே தொகுக்கப்படும் ஆவணம் உரைக்கோப்பாக மிஞ்சும், பக்கமாக மிஞ்சாது. இன்னொரு கேள்வி கொள்கை சார்ந்தது: கட்டற்ற மென்பொருளை விண்டோஸுக்கும் மேக்குக்கும் கொண்டுபோவது, மூடிய இயங்குதளங்களுக்கு நாம் இலவசமாகச் செய்யும் ஊழியம் ஆகாதா? இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது. குனூ திட்டத்தின் ஈமேக்ஸ் உரைத்திருத்தியும் ஜிசிசி கம்பைலரும் முதலில் ஓடியது மூடிய யுனிக்ஸ் கணினிகளில்தான். அன்று வேறு களம் இல்லை. அந்தப் பயனர்கள்தாம் பின்னர் கட்டற்ற இயங்குதளத்துக்கு வந்தார்கள். ஆவணத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆவணம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவது. லினக்ஸில் எழுதும் மாணவரும் விண்டோஸில் திருத்தும் பேராசிரியரும் ஒரே கருவியில் வேலை செய்ய முடியாவிட்டால், விட்டுக்கொடுப்பவர் பெரும்பாலும் மாணவராகத்தான் இருப்பார். கட்டற்ற கருவிதான் கைவிடப்படும்.

தமிழுக்கு எழுத்துப்பிழை திருத்திகளும், குறியீட்டு மாற்றிகளும், அச்சுக்கோப்புக் கருவிகளும் எழுதிக் கட்டற்ற உரிமத்தில் வெளியிடும் இளைஞர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். உங்களிடம் நான் கேட்பது இரண்டு. முதலாவது: உங்கள் நிரல் இயங்குதளத்தைத் தொடும் இடங்களை ஒரே கோப்பில் ஒதுக்கி, அவற்றின் பட்டியலை மூலநிரலோடே வையுங்கள். இரண்டாவது: முதல் வெளியீட்டோடு ஒரு சோதனைக் கோப்பையும் கொடுங்கள். அதில் கொ, கோ, கௌ மூன்றும், க்ஷ, ஸ்ரீ இரண்டும், ஒகரக் குறியை ஒற்றை எழுத்தாகவும் இரண்டு துண்டுகளாகவும் உள்ளிட்ட சொற்களும் இருக்கட்டும். சரியான வெளியீடு எது என்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும். உங்கள் பெயரே தெரியாத ஒருவர், இன்னும் பிறக்காத ஓர் இயங்குதளத்தில், உங்களைத் தொடர்புகொள்ளாமலே அந்த வேலையைச் சரியாகச் செய்து முடிக்க இவ்வளவு இருந்தால் போதும்.